கசப்பு இலைச் செடி (ஒனுக்பு, எவுரோ, ந்டோலே): அடிக்கடி கேக்குற கேள்விகள்

இது என்ன செடி? எங்க வளருது?

ஆப்பிரிக்காவோட வெப்பமான பகுதி முழுக்கவே இருக்குற ஒரு புதர்ச்செடி. மேற்குல கானா, நைஜீரியா, கேமரூன்ல ஆரம்பிச்சு கிழக்குல எத்தியோப்பியா, உகாண்டா, தான்சானியா வரைக்கும் பாக்கலாம். சூரியகாந்தி குடும்பம்தான், ஆனா பாத்தா அப்படித் தோணாது. ரெண்டுல இருந்து அஞ்சு மீட்டர் உயரம் சாதாரணமா வளரும், வெட்டாம விட்டா சின்ன மரமாவே ஆயிடும். தாவரவியல்ல இதுக்கு ரொம்ப நாளா வெர்னோனியா அமிக்டாலினா அப்படின்னு பேர், டெலீல் அப்படிங்கிற பிரெஞ்சுக்காரர் 1826ல வெச்சது. இப்போ ஜிம்னாந்திமம் அமிக்டாலினம்னு மாத்திட்டாங்க, தேடும்போது ரெண்டு பேரையும் போட்டுத் தேடுங்க.

ஊருக்கு ஊர் பேர் வேற. நைஜீரியாலயே இக்போ மக்களுக்கு ஒனுக்பு, யொருபாக்காரங்களுக்கு எவுரோ, ஹௌசால ஷுவாகா, கேமரூன்ல ந்டோலே, எத்தியோப்பியால கிராவா, உகாண்டால முலுலூசா. நைஜீரியால இங்கிலீஷ் பேசுறவங்க பிட்டர் லீஃப்னு சொல்லுவாங்க. நான் நைஜீரியால இக்போ மக்கள் இருக்குற எனுகு ஊர்ல வேலை பாத்த காலத்துல பழகினதால எனக்கு இது எப்பவும் ஒனுக்புதான்.

பாத்தா எப்படி கண்டுபிடிக்கிறது? பூ எப்படி இருக்கும்?

இலை நீளவாக்குல ஈட்டி மாதிரி இருக்கும், பெரிய இலை 20 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், ஓரத்துல லேசா பல்லு பல்லா இருக்கும், அடிப்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. தண்டு சுலபமா ஒடியும். பூ சின்னதுதான், வெள்ளை இல்லன்னா லேசா ஊதா கலந்த வெள்ளை, ஆனா கொத்துக் கொத்தா கிளை நுனில நெறைய வரும், வாசனையும் உண்டு. மழை முடிஞ்சு வர்ற வறண்ட மாசங்கள்ல பூக்கும்போது தேனீ மொய்க்கிற மொய்ப்பு இருக்கே, எத்தியோப்பியால தேன் எடுக்குறவங்க இந்த செடியை விசேஷமா கவனிக்கிறதுக்கு அதுதான் காரணம். விதைல மெல்லிசா ரோமம் இருக்கும், காத்துல பறந்து போயிடும்.

நைஜீரியால வீட்டுப் பின்னாடி இருக்குற செடியில பூவை நீங்க அதிகம் பாக்க முடியாது, ஏன்னா வாராவாரம் இலையை ஒடிச்சுக்கிட்டே இருந்தா அது பூக்குற அளவுக்கு எங்க வளரும். பூக்கணும்னா கொஞ்ச காலம் கை வைக்காம விடணும்.

எதுவுமே புரியலன்னா ஒரு சின்னத் துண்டு இலையை நாக்குல வெச்சுப் பாருங்க. ஆனா கசப்பா இருக்குற எல்லா செடியும் இது இல்ல, அதனால தெரியாத செடியை ருசி பாக்காதீங்க, தெரிஞ்சவங்க கையால வாங்குனதை மட்டும்.

ஏன் இவ்ளோ கசப்பு?

பூச்சியும் ஆடு மாடும் தின்னாம இருக்க செடி தானே தயாரிச்சு வெச்சிருக்குற பொருட்கள்தான் காரணம். செஸ்கிட்டர்பீன் லாக்டோன்னு ஒரு வகை, அதுல வெர்னோடாலின் முக்கியமானது. கூடவே வெர்னோனியோசைடுன்னு இன்னொரு வகையும் உண்டு. இலையைத் தண்ணில போட்டுக் கசக்குனா சோப்பு நுரை மாதிரி பொங்கி வரும், அது சப்போனின். அளவுக்கு மேல போனா வயித்துக்கு ஒத்துக்காத சங்கதிதான் இதெல்லாம், அதனாலதான் இந்த இலையை சாப்பிடுற எல்லா ஊர்லயும் கழுவுறதுக்குன்னு ஒரு முறை வெச்சிருக்காங்க.

கசப்பை எப்படி எடுக்குறாங்க?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமா பதில் சொல்லணும்னு நெனைக்கிறேன், ஏன்னா இந்த இலையோட சமையல் முழுக்க இந்த ஒரு வேலைலதான் இருக்கு, மத்ததெல்லாம் அப்புறம்தான்.

மொதல்ல இலையை காம்புல இருந்து உருவி எடுக்கணும், நடு நரம்பு தடிமனா இருந்தா அதையும் எடுத்துடணும். அகலமான பாத்திரத்துல போட்டு கொஞ்சம் உப்பு தூவி ரெண்டு கையாலயும் துணி துவைக்கிற மாதிரி அழுத்தித் தேய்க்கணும், மெதுவா கசக்குனா ஒண்ணும் ஆகாது. பச்சை நுரை வரும். தண்ணி ஊத்தி அலசிக் கொட்டிட்டு மறுபடி தேய்க்கணும், இப்படி நுரை குறைஞ்சு தண்ணி ஓரளவு தெளியுற வரைக்கும். அப்புறம் கொதிக்கிற தண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஆற வெச்சு, மறுபடி அலசி, நல்லா பிழிஞ்சு உருண்டையா வெச்சுக்குவாங்க. எங்க பக்கத்து வீட்டு அம்மா ஒவ்வொரு அலசலுக்கும் அப்புறம் ஒரு துணுக்கு வாயில போட்டு மென்னு பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாங்க.

அவசரமா வேணும்னா கொதிக்கிற தண்ணில அக்கான்வு ஒரு துண்டு போடுவாங்க. ஹௌசா ஆளுங்க கான்வான்னு சொல்லுவாங்க, மண்ணுல இருந்து வெட்டி எடுக்குற ஒரு காரக்கல்லு அது. கேமரூன்லயும் இது உண்டு, இல்லன்னா சமையல் சோடா. இலை சீக்கிரம் மெத்துன்னு ஆகும், பச்சை நிறமும் மாறாம நிக்கும். ஆனா சோடா அதிகமானா இலை கூழாயிடும், வைட்டமினும் போயிடும், ஒரு மாதிரி சோப்பு ருசியும் ஏறும். என்னைக் கேட்டா கையாலயே தேய்ச்சுடுங்க, நேரம் ஆனாலும் பரவால்ல.

முக்கியமானது என்னன்னா, கசப்பை மொத்தமா எடுத்துடக் கூடாது. மொத்தமா போயிட்டா இது வெறும் கீரை. நாக்குல கடைசில லேசா ஒரு கசப்பு நின்னு, அதுக்கப்புறம் தண்ணி குடிச்சா தித்திப்பா தெரியணும், அந்த அளவுல நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் நல்லா சமைக்கிறவங்க. எவ்ளோ விடணும்ங்கிறது வீட்டுக்கு வீடு மாறும், கல்யாணம் ஆகி வந்த பொண்ணு மாமியார் வீட்டு அளவைக் கத்துக்கறதே ஒரு விஷயம் அங்க.

மார்க்கெட்ல கழுவி உருண்டை பிடிச்சு வெச்ச இலையே விப்பாங்க, வேலைக்குப் போறவங்க அதைத்தான் வாங்குவாங்க. அதையும் வீட்டுக்கு வந்து ஒரு தடவை கொதிக்க வெச்சு அலசிடுங்க, எந்தத் தண்ணில கழுவுனாங்கன்னு நமக்குத் தெரியாதே.

ஒஃபே ஒனுக்பு எப்படி வைப்பாங்க?

இக்போ மக்களோட குழம்பு, குறிப்பா அனம்ப்ரா மாநிலத்து ஆளுங்க இதைத் தங்களோடதுன்னே சொல்லுவாங்க. அவங்க அளவுக்கு நான் வெச்சதில்ல, ஆனா முறை இதுதான்.

மாட்டுக்கறியையும் ஸ்டாக்ஃபிஷையும் மொதல்ல வேக வெக்கணும். ஸ்டாக்ஃபிஷ்ங்கிறது நார்வேல குளிர் காத்துலயே உப்பு போடாம காய வெச்ச காட் மீன், கட்டை மாதிரி இருக்கும், வேக ரொம்ப நேரம் எடுக்கும். நைஜீரியால 1967ல இருந்து 1970 வரைக்கும் நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போர்ல பட்டினி கெடந்த ஜனங்களுக்கு நிவாரணமா வந்த சாப்பாட்டுல இதுவும் ஒண்ணு, இன்னைக்கு விசேஷ வீட்டுக் குழம்புல அது இல்லன்னா மரியாதைக் குறைவு.

கறி வேகுற நேரத்துல சேப்பங்கிழங்கை தோலோட அவிச்சு உரிச்சு உரல்ல போட்டு நைசா, இழுத்தா கம்பி மாதிரி வர்ற அளவுக்கு இடிச்சுக்கணும். எடேன்னு சொல்லுவாங்க. இதுதான் குழம்பைக் கெட்டியாக்குறது. கறித்தண்ணில சிவப்பு பாமாயில் ஊத்தி (நம்ம ரேஷன் கடை மஞ்சள் பாமாயில் இல்ல, சுத்திகரிக்காத செஞ்சிவப்பு எண்ணெய், அதுக்குன்னு தனி வாசனை உண்டு), எடேயை உருண்டை உருண்டையா போட்டு கரைய விடணும். பொடிச்ச கூனி இறால், காரமான மிளகாய், ஒகிரி எல்லாம் சேரும். ஒகிரிங்கிறது ஆமணக்கு விதையை அவிச்சு புளிக்க வெச்சு செய்யுற ஒரு மசால், நாத்தம் பலமா இருக்கும், குழம்புல போட்டு கொதிச்சதும் அது வேற மாதிரி ஆயிடும், அது இல்லாம அந்த ருசி வரவே வராது. ஒரு விஷயம், ஆமணக்கு விதை விஷம், அவிக்கிறதும் புளிக்க வெக்கிறதும் அங்க பரம்பரையா தெரிஞ்சவங்க செய்யுற வேலை, வீட்ல நீங்களா முயற்சி பண்ணாதீங்க, கடைல வாங்குங்க.

கழுவுன இலை கடைசிலதான் போகணும். கழுவும்போதே பாதி வெந்துட்டதால ரொம்ப நேரம் தேவை இல்ல. ஃபுஃபு (மரவள்ளிக் களி), கர்ரிங்கிற வறுத்த மரவள்ளி மாவுல கிண்டுன எபா, இடிச்ச யாம் கிழங்கு, இதுல ஏதோ ஒண்ணை கையால உருட்டி குழம்புல தொட்டு முழுங்குவாங்க, அதனாலதான் அதுங்களுக்கெல்லாம் பொதுவா ஸ்வாலோன்னே பேர்.

கேமரூன் ந்டோலேவும் இதுவும் ஒண்ணா?

இலை ஒண்ணு, சாப்பாடு வேற. ந்டோலே கேமரூன்ல துவாலா பக்கத்துக் கடற்கரை மக்களோடது, இப்போ நாட்டுக்கே அடையாளமான சாப்பாடு. அங்க சேப்பங்கிழங்குக்குப் பதிலா பச்சை நிலக்கடலைதான். தோல் உரிச்சு அவிச்ச கடலையை வெங்காயம், பூண்டு, இஞ்சியோட வெண்ணெய் மாதிரி அரைச்சு, அதுல கறியும் கூனி இறாலும் போட்டு கொதிக்க வெச்சு, இலையை சேத்து கெட்டியா இறக்குவாங்க. மேல பெரிய இறாலும் நீளமா அரிஞ்ச வெங்காயமும் எண்ணெய்ல வதக்கிக் கொட்டுவாங்க. கூட மியோண்டோ, அதாவது மரவள்ளி மாவை இலைல கட்டி அவிச்ச மெல்லிசு குச்சி, இல்லன்னா அதையே தடிமனா செஞ்ச போபோலோ, இல்லன்னா நேந்திரம் வறுத்தது.

ஆப்பிரிக்கச் சாப்பாடு புதுசா முயற்சி பண்ற தமிழ் வீடுகளுக்கு நான் மொதல்ல இதைத்தான் சொல்லுவேன், கடலை சேரும்போது கசப்பு தணிஞ்சு ரொம்ப பழக்கமான ருசியா இருக்கும். சைவம்னா கறி, இறால் ரெண்டையும் விட்டுட்டு காளான் போட்டும் செய்யலாம், அது கேமரூன் முறை இல்ல, ஆனா நல்லா இருக்கும்.

கேமரூன்ல இதோட நெருங்கின சொந்தமான வெர்னோனியா ஹைமினோலெபிஸ்னு இன்னொரு வகையும் பயிர் பண்றாங்க, கசப்பு ரொம்பக் கம்மி. அதனால கேமரூன் நண்பர் ஒருத்தர் நாங்க இவ்ளோ எல்லாம் கழுவ மாட்டோம்னு சொன்னா அவர் சொல்றதும் சரிதான், அவர் வீட்டு இலை அந்த வகையா இருக்கலாம்.

யொருபா சமையல்ல?

எவுரோவை பெரும்பாலும் எகுசியோட போடுவாங்க. எகுசி தர்பூசணிக்குச் சொந்தமான ஒரு காயோட விதை, அரைச்சு சேத்தா குழம்பு திரண்டு வரும்.

பச்சையா மெல்லலாமா? ஜூஸ் குடிக்கலாமா?

நைஜீரியால பச்சை இலையைக் கசக்கி சாறு எடுத்து காலைல வெறும் வயித்துல குடிக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க. தண்டை பல் குச்சியாவும் வெச்சுக்குவாங்க. ஆனா கழுவாத இலைல மேல சொன்ன பொருட்கள் முழுசா இருக்கு, அதனால டம்ளர் டம்ளரா தினமும் குடிக்கிறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையா அந்த மக்கள் தேய்ச்சு அலசி சாப்பிட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. வயித்துக்குப் பாதுகாப்பான அளவை அவங்க சமையல் முறையே சொல்லிக் கொடுத்துடுது.

சிம்பன்சி இந்த செடியை மருந்தா திங்குதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். தான்சானியால மஹாலே மலைப்பகுதி, 1987 நவம்பர். மைக்கேல் ஹஃப்மேன்ங்கிற ஆராய்ச்சியாளரும், அந்தப் பகுதி டோங்வே மக்கள்ல ஒருத்தரான மொஹமேதி செய்ஃபு கலுண்டேவும் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்துட்டு இருந்தாங்க. சௌசிகுன்னு ஒரு பெண் சிம்பன்சி உடம்பு சரியில்லாம சோர்ந்து படுத்துக்கிட்டே இருந்துச்சு. அது ஒரு புதர்கிட்ட போயி கிளையை ஒடிச்சு, இலையையும் பட்டையையும் நீக்கிட்டு, உள்ள இருக்குற சோத்தை (தண்டுக்கு நடுவுல மெத்துன்னு இருக்குற பகுதி) மட்டும் மென்னு சாறை உறிஞ்சிட்டு சக்கையைத் துப்புச்சு. கலுண்டேக்கு அந்த செடி நல்லா தெரியும், டோங்வே மக்களுக்கு அது வயித்துக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்குற பலமான மருந்து. மறுநாளே சௌசிகு தெளிஞ்சு பழையபடி நடமாட ஆரம்பிச்சிடுச்சு. 1989ல ரெண்டு பேரும் சேந்து இதைக் கட்டுரையா எழுதுனாங்க.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அது இலையை விட்டுட்டு சோத்தை எடுத்ததுதான். அப்புறம் ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழக வேதியியல் ஆளுங்களோட சேந்து ஆராய்ஞ்சப்ப, வெர்னோடாலின் இலைலயும் பட்டைலயும்தான் அதிகம், சோத்துல ரொம்பக் கம்மின்னு தெரிஞ்சுது, ஆனா வேலை செய்யுற மத்த பொருட்கள் சோத்துலயும் இருக்கு. வேற சிம்பன்சிகளையும் கவனிச்சதுல, சோறு மென்னதுக்கு அப்புறம் குடல்ல முடிச்சு உண்டாக்குற ஒரு வகைப் புழுவோட முட்டை மலத்துல நல்லாவே குறைஞ்சிருந்த நிகழ்வையும் பதிவு பண்ணாங்க. அந்தப் புழுத் தொல்லை மழைக்காலத்துலதான் அதிகம், சிம்பன்சிங்க இந்த செடியைத் தேடிப் போறதும் பெரும்பாலும் அப்பதான். நல்லா இருக்குற சிம்பன்சி இதை சீண்டுறதே அபூர்வம்.

இந்தக் கதையை சொல்றவங்க பல பேர் கலுண்டே பேரை விட்டுடுறாங்க. அந்த செடி என்னன்னும் எதுக்கு ஆகும்னும் அந்த இடத்துலயே சொன்னவர் அவர், தயவுசெஞ்சு அவர் பேரையும் சேத்து சொல்லுங்க.

சுகர் குறையுமா? மலேரியாவுக்கு ஆகுமா?

சுகருக்கு இதுவரைக்கும் வந்த ஆராய்ச்சி பெரும்பாலும் எலிங்கமேலதான், அதுல சர்க்கரை குறைஞ்சிருக்கு. மனுஷங்களுக்கு எவ்ளோ, எத்தனை நாள், எந்த மாத்திரையோட கொடுக்கலாம்னு தீர்மானமா சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வரல. மெட்ஃபார்மினோ இன்சுலினோ எடுத்துக்கிட்டு இருக்குறவங்க இந்த சாறையும் சேத்துக் குடிச்சா சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வர வாய்ப்பு இருக்கு, அதனால டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்காதீங்க, அதைவிட முக்கியமா மாத்திரையை நிறுத்தாதீங்க.

மலேரியாவுக்கு ஆப்பிரிக்கால பல ஊர்ல இந்த இலைக் கஷாயம் கொடுக்குற வழக்கம் உண்டு. 2009ல வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வுல, சிக்கல் இல்லாத மலேரியா வந்தவங்களுக்கு இந்தக் கஷாயம் கொடுத்துப் பாத்தாங்க. ஏறக்குறைய மூணுல ரெண்டு பேருக்கு உடம்பு தேறுச்சு, ஆனா ரத்தத்துல கிருமி முழுசா போனது மூணுல ஒருத்தருக்குத்தான், அவங்கள்லயும் பல பேருக்குத் திரும்ப வந்துச்சு. அதாவது செடில ஏதோ இருக்கு, ஆனா மாத்திரைக்குப் பதிலா இதை நம்பிட முடியாது. மலேரியா கொல்ற நோய், குழந்தைங்கன்னா ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து.

யார் தவிர்க்கணும்?

கர்ப்பமா இருக்குறவங்க சாறு, கஷாயம், கேப்சூல் எதுவும் வேண்டாம், கர்ப்பப்பையை சுருங்க வைக்குற தன்மை விலங்கு ஆராய்ச்சில தெரிஞ்சிருக்கு. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எடுக்குறவங்க கேட்டுட்டு எடுங்க. நல்லா கழுவி குழம்புல போட்டு சாப்பிடுறது வேற விஷயம், அது கோடிக்கணக்கான ஜனங்க தினசரி சாப்பிடுற உணவு.

எத்தியோப்பியால சாப்பிடுவாங்களா?

அங்க சாப்பாட்டை விட மத்த பயன்தான் அதிகம். வீட்ல காய்ச்சுற தெல்லா பீர் ஊத்தி வெக்குற பானையை கிராவா இலையால தேய்ச்சுக் கழுவுவாங்க. ஆடு மாட்டுக்குத் தீவனம், விறகு, தேனீ, வயித்துப் பூச்சிக்கு நாட்டு மருந்துன்னு ஒரு வீட்டுக்கு வேண்டிய பல வேலை அந்த ஒரு செடி செய்யுது.

மலேசியா, சிங்கப்பூர்ல விக்கிற ஆப்பிரிக்க இலை இதுதானா?

பெரும்பாலும் இதுதான். மலாய்ல டவுன் பிஸ்மில்லான்னும், இந்தோனேசியால டவுன் ஆஃப்ரிகான்னும் சொல்லுவாங்க, சீனர்கள் தென்னாப்பிரிக்க இலைன்னு சொல்லி விப்பாங்க. அங்க நம்ம ஜனங்க வீட்டு வாசல்லயும் இதைத் தொட்டில பாத்திருக்கேன், கேட்டா சுகருக்குன்னு பதில் வரும். இது சமைச்சு சாப்பிடுற கீரைன்னு சொன்னா ஆச்சரியப்படுறாங்க, அதான் எனக்கு வருத்தம். ரெண்டு இலையை மென்னு முகத்தை சுளிக்கிறதுக்குப் பதிலா ஒரு தடவை கழுவி கடலை அரைச்சுப் போட்டு செஞ்சு பாருங்க. சம்பொங் ஞாவான்னு இன்னொரு செடியும் சுகருக்குன்னு விக்குறாங்க, அது தரையோட படர்ற மென்மையான தண்டு உள்ள செடி, இது கட்டைத்தண்டு புதர், மாத்தி வாங்கிடாதீங்க.

நம்ம ஊர்ல இதுக்கு சொந்தக்கார செடி இருக்கா?

இருக்கு. வயல் வரப்புலயும் ரோட்டோரத்துலயும் சின்ன ஊதாப்பூவோட நிக்குற சீதேவி செங்கழுநீர், நாட்டு மருந்துக் கடைல கிடைக்குற காட்டுச்சீரகம், ரெண்டையும் ரொம்ப காலமா வெர்னோனியா பேர்லதான் வகைப்படுத்தி இருந்தாங்க. காட்டுச்சீரகமும் கசப்புதான், அதையும் வயித்துப் பூச்சிக்குத்தான் கொடுத்தாங்க. அதுக்காக ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை சமைக்க முடியாது.

செடி எப்படி வளர்க்குறது?

தண்டு வெட்டி நடுறதுதான் சுலபம், விதை சரியா முளைக்காது. பென்சிலை விட தடிமனா முத்தின தண்டுல ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா வெட்டி, பாதியை மண்ணுக்குள்ள சாய்வாவோ நேராவோ சொருகி ஈரம் காயாம பாத்துக்கோங்க. தலைகீழா நட்டுடாம கணு பாத்து நடுங்க. நல்ல வெயில் வேணும், தண்ணி தேங்கக் கூடாது, அவ்ளோதான். வேர் பிடிச்சு ரெண்டு மூணு மாசத்துல இலை ஒடிக்க ஆரம்பிக்கலாம். ஒடிக்க ஒடிக்கத்தான் பக்கக்கிளை வந்து புதராகும், விட்டா உயரமா போயி இலை கைக்கு எட்டாது. கோடைல காஞ்சு போன மாதிரி நிக்கும், பிடுங்கிடாதீங்க, ஒரு மழை பெஞ்சா துளிர்த்துடும். நைஜீரியா, உகாண்டால இதை வேலி ஓரமா நெருக்கி நடுறதுக்கும் இதுதான் காரணம்.

காஞ்ச இலை மட்டும்தான் கிடைக்குது, என்ன பண்றது?

வெளிநாட்டு ஆப்பிரிக்கக் கடைகள்ல அதுதான் கிடைக்கும். பெரும்பாலும் கழுவி காய வெச்சதாத்தான் இருக்கும், பாக்கெட்ல பாருங்க. வெந்நீர்ல ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலைல அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணில மெத்துன்னு ஆகுற வரைக்கும் வேக வெச்சு பிழிஞ்சுக்கோங்க. ஃபிரீசர்ல வெச்ச உருண்டை கிடைச்சா அதை வாங்குங்க, காஞ்சதை விட ருசி நல்லா இருக்கும். வீட்ல செடி இருக்குறவங்களும் ஒரே நாள்ல நெறைய கழுவி, ஒரு குழம்புக்கு ஆகுற அளவு உருண்டையா பிழிஞ்சு தனித்தனி கவர்ல ஃபிரீசர்ல போட்டுக்கலாம், சமைக்கிற அன்னிக்கு உறைபனி விட்டதும் ஒரு துணுக்கு மென்னு பாத்துட்டு, கசப்பு ஜாஸ்தின்னு பட்டா மட்டும் இன்னொரு தடவை அலசிக்கோங்க.